அலென்தேஜு: மணி, மரப்பட்டை, பூண்டு ரொட்டி

போர்ச்சுகல் வரும் நண்பர்கள் பெரும்பாலும் லிஸ்பன், போர்ட்டோ, தெற்கே கடற்கரை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தேஜு ஆற்றுக்குத் தெற்கே, நாட்டின் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு கிடக்கிற அலென்தேஜு அவர்களுக்குக் கார் ஜன்னலில் ஓடி மறையும் காய்ந்த புல்வெளி மட்டும்தான். லிஸ்பனுக்குக் குடிவந்ததிலிருந்து நாலு நாள் லீவு கிடைத்தால் நான் ஓடுவது அங்கேதான். ஒரு தடவைக்கு ஓர் ஊர், கூடிப்போனால் இரண்டு. அதற்கு மேல் வைத்துக்கொண்டால் எதுவும் கண்ணில் தங்காது.

முதலில் என்னை அங்கே இழுத்தது மணிச் சத்தம். நான் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் மாடுகளோடு வளர்ந்தவள். அலென்தேஜுவின் பெரிய நகரமான எவோராவுக்குத் தென்மேற்கே அல்காசவாஸ் என்று ஒரு சின்ன ஊர். ஆடு மாடுகளின் கழுத்தில் கட்டும் இரும்பு மணிகளுக்கு போர்ச்சுகல் முழுக்கப் பேர் போனது. அங்கே ஒரு பட்டறையில் ஒரு முற்பகல் முழுக்க நின்று பார்த்தேன்.

இரும்புத் தகட்டை வெட்டி, நெருப்பே இல்லாமல், பட்டடைக்கல்லில் வைத்து அடித்து அடித்துக் குவளையாக வளைக்கிறார்கள். மேலே தொங்கவிட ஒரு வளையம், உள்ளே நாக்கு மாட்ட ஒரு கொக்கி. இந்த நிலையில் அதைத் தட்டினால் தகரச் சத்தம்தான் வரும். மணியாவது இதற்குப் பிறகுதான். குவளையின் மேல் பித்தளைத் துணுக்குகளை வைத்து, வைக்கோல் கலந்த களிமண்ணால் கொழுக்கட்டை பிடிப்பது போல முழுவதும் மூடி விடுகிறார் ஆசாரி. காய்ந்ததும் உலையில் போடுகிறார்கள். மண்ணுக்குள்ளேயே பித்தளை உருகுகிறது. செக்கச்செவேல் என்று வெளியே எடுத்த உருண்டையைத் தரையில் உருட்டுகிறார்கள், உருகிய பித்தளை எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவ வேண்டும் என்பதற்காக. அப்புறம் தண்ணீரில் முக்கி, மண் ஓட்டை உடைத்தால் பொன்னிறத்தில் மணி.

அதோடும் முடியவில்லை. கடைசியில் சுதி சேர்க்க வேண்டும். ஆசாரி மணியைக் காதருகே பிடித்து ஒரு தட்டு, விளிம்பில் சுத்தியலால் ஓர் அடி, மறுபடி ஒரு தட்டு. கையில் கருவி எதுவும் இல்லை. எனக்குக் கேட்டவரை இரண்டு மணியும் ஒன்றுதான். அவர் மட்டும் ஒன்றை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றதை மறுபடி அடிக்க ஆரம்பித்தார். மந்தை கண்ணில் படாவிட்டாலும் எந்தப் பக்கம் மேய்கிறது என்பது மேய்ப்பவருக்குக் காதிலேயே தெரிய வேண்டும், அதற்குத்தான் இத்தனை பாடு.

இந்தத் தொழிலை யுனெஸ்கோ 2015-இல் பட்டியலில் சேர்த்தது, அதுவும் 'உடனே காப்பாற்ற வேண்டியவை' என்ற பட்டியலில். அப்போதே நாடு முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆசாரிகள் மிச்சம், அவர்களிலும் பெரும்பாலோர் 70 வயதைத் தாண்டியவர்கள். மந்தை ஓட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கம்பி வேலி வந்துவிட்டது, தொழிற்சாலை மணி விலை மலிவு. இந்தத் தொழிலுக்குப் பாராட்டைவிட வாடிக்கையாளர்தான் தேவை என்பது என் எண்ணம். போகிறவர்கள் ஒரு மணியாவது வாங்குங்கள், பட்டறையிலேயே வாங்குங்கள். விமான நிலையக் கடையில் தொங்குவது வேறு சரக்கு.

வழியெங்கும் கூட வருவது கார்க் மரம், ஒயின் பாட்டிலுக்கு மூடி செய்வது இதன் பட்டையில்தான். பாதி உடம்பு சாம்பல், பாதி உடம்பு செம்மண் நிறம் என்று நிற்கும். செம்மண் நிறம் பட்டை உரித்த இடம், நாளாக ஆகக் கருக்கும். அடிமரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஒற்றை இலக்கம் ஒன்று எழுதியிருப்பார்கள். 3 என்றால் 2023-இல் உரித்தது, மறுபடி கை வைப்பது 2032-இல். இரண்டு உரிப்புக்கு நடுவே ஒன்பது வருஷம் விடச் சொல்கிறது சட்டம்.

இதில் என்னை நிற்க வைத்த கணக்கு ஒன்று உண்டு. கன்று நட்டு முதல் தடவை உரிக்க ஏறக்குறைய 25 வருஷம். அந்தப் பட்டை கரடுமுரடு, பாட்டில் மூடிக்கு ஆகாது. ஒன்பது வருஷம் கழித்து வருவதும் ஆகாது. மூன்றாவது உரிப்பில்தான் மூடிக்கு ஏற்ற பட்டை கிடைக்கும், அப்போது மரத்துக்கு வயது 43. தான் பார்த்தறியாத பேரனுக்காகத்தான் ஒருவர் கன்று நடுகிறார். உலகத்துக் கார்க்கில் பாதியளவு போர்ச்சுகல் தருகிறது என்றால், அது இப்படி நட்டுவிட்டுப் போனவர்கள் தந்தது.

உரிப்பது மே மாதக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, நல்ல வெயிலில். அப்போதுதான் பட்டை லேசாகக் கழன்று வரும். கோடரியால் நெடுக ஒரு கீறல் போட்டு, பிடியின் கூரான முனையை உள்ளே விட்டு நெம்புகிறார்கள். கோடரி ஒரு விரற்கடை ஆழமாக இறங்கிவிட்டால் உள்தோல் கிழிந்து மரத்துக்குக் காயம். ஆழத்தைக் கண் பார்த்துச் சொல்ல முடியாது, கைதான் சொல்ல வேண்டும். விவசாயக் கூலி வேலைகளில் இதற்கு நல்ல சம்பளம் என்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். ஐரோப்பாவில் கொத்தமல்லித்தழையைக் கட்டுக்கட்டாகப் போட்டுச் சமைக்கிற ஊர் அலென்தேஜு. அங்கே அசோர்டா என்று ஒன்று உண்டு. நான் தங்கிய வீட்டு அம்மா செய்துகாட்டினார். கல் உரலில் பூண்டு, கல் உப்பு, ஒரு கை கொத்தமல்லி போட்டு விழுதாக இடித்தார். அதை மண் சட்டியில் வழித்துப் போட்டு, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றினார். பக்கத்து அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் முட்டையை உடைத்து ஊற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரையே சட்டியில் ஊற்றியதும் எழுந்த வாசனை எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது போலத்தான் இருந்தது. கடைசியாக, இரண்டு நாள் பழைய ரொட்டியைத் துண்டு போட்டு அதில் நனைத்து, மேலே முட்டை. அவ்வளவுதான்.

பெரிய பண்ணையார்களின் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள் கண்ட சாப்பாடு இது. கறி வாங்க வழியில்லாதபோது ரொட்டியும் பூண்டும் தழையும்தான் வயிற்றை நிரப்பின. இன்று லிஸ்பன் உணவகங்களில் அதற்கு நல்ல விலை. ஆனால் ரொட்டி அந்த ஊர் ரொட்டியாக இருந்தால்தான் ருசி. லேசாகப் புளித்த, கெட்டித் தோல் போட்ட கோதுமை ரொட்டி. நாளானாலும் நனைத்தால் கூழாகாது.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். செர்பா ஊரின் செம்மறிப் பால் சீஸை, கன்றுக்குட்டி வயிற்றுச் சாரத்துக்குப் பதிலாக, உலர்ந்த முட்பூ ஒன்றை ஊறவைத்த நீரில்தான் திரிக்கிறார்கள். லேசாகக் கசக்கும், உள்ளே குழைந்திருக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் அசோர்டாவை முட்டையில்லாமல் கேட்டு வாங்கலாம். ஆனால் குழம்பு, சூப் எதுவானாலும் பன்றிக் கொழுப்பு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருவாலிக் கொட்டை தின்று வளரும் கறுப்புப் பன்றி அந்த மண்ணின் பெருமை, எதிலும் இருக்கும்.

விடிகெய்ரா பக்கம் விலா டெ ஃப்ராதெஸில் ஆள் உயர மண் தாழிகளில் ஒயின் போடுகிறார்கள். ஊருக்கு வெளியே ரோமானியர் கால மாளிகையின் இடிபாடு நிற்கிறது, தாழி முறையும் அந்தக் காலத்திலிருந்து வருவதுதான். நசுக்கிய திராட்சையைத் தோலோடு தாழியில் கொட்டுகிறார்கள். புளிக்கும்போது தோல் மேலே வந்து அடைத்துக்கொள்ளும். தினமும் மரத்துடுப்பால் அமுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தாழி வெடிக்கும். புளித்து முடிந்ததும் தோல் தானாக அடியில் படிந்து வடிகட்டியாகிவிடுகிறது. நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் அடியிலுள்ள மரக்குழாயைத் திறக்கிறார்கள். நான் ஒயின் குடிப்பதில்லை. குழாயிலிருந்து தெளிவாக வடிவதைப் பார்க்கவும், அதன் பிறகு தொடங்கும் பாட்டைக் கேட்கவும் போவேன்.

அந்தப் பாட்டுக்குப் பெயர் கான்ட்டே. வாத்தியம் கிடையாது. ஒருவர் தனியாக எடுக்கிறார், இன்னொருவர் கொஞ்சம் மேல் சுருதியில் சேர்கிறார், அப்புறம் மொத்தக் கூட்டமும் தோளோடு தோள் நின்று பிடித்துக்கொள்கிறது. அவசரமே இல்லாத பாட்டு. 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. மேடையில் கேட்பதைவிட ஒயின் கொட்டகையில் கேளுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும், பட்டை உரிப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் காலை வேளை சரி. மற்றபடி ஏப்ரலும் நவம்பரும் நல்லது. லிஸ்பனிலிருந்து எவோராவுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், அதைத் தாண்டினால் பேருந்துதான். சனி, ஞாயிறுகளில் பல கிராமங்களுக்கு அதுவும் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை எஸ்த்ரெமோஸ் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சனிக்கிழமை காலை சதுக்கத்தில் சந்தை கூடும். சீஸ், கோழி, பழைய சாமான் எல்லாம் வரும். வண்ண மண் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர் அது, பொம்மைப் பட்டறைகளும் நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமை பேருந்து வரும்.