பட்டம் வென்ற பிறகு

2024 ஜனவரி 21, ஞாயிறு

தை பிறந்து எங்கள் இசைக்குழுவுக்கு முதல் கலியாணம், கொழும்பு பம்பலப்பிட்டியில். அறிவிப்பாளர் வழக்கம்போல எங்கள் பாடகியை அந்தப் பழைய பட்டத்தோடுதான் மேடைக்கு அழைத்தார். உள்ளூர்த் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அவள் முதலாவதாக வந்து வருடங்கள் ஓடிவிட்டன. சனம் கேட்பதும் அன்று பாடிய அதே படப் பாட்டுகளைத்தான். சாப்பாடு தொடங்கியதும் பாதி மண்டபம் எழும்பிப் போனது. சரி, அது எந்தக் கலியாணத்திலும் நடக்கிறதுதான்.

ஜனவரி 23, செவ்வாய்

இரவு நித்திரை வரவில்லை. அமெரிக்கப் பாடகி கெலி கிளார்க்சனைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அவரும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்றவர்தான். டெக்சஸ் பிள்ளை. 2002 செப்டெம்பரில் முதலாவது ‘அமெரிக்கன் ஐடல்’ பட்டம். வெல்பவருக்கென்று புதுப் பாட்டொன்றை முன்கூட்டியே செய்து வைத்திருந்திருக்கிறார்கள். அதே மாதம் அது கடைக்கு வந்து, அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசையில் 52ஆம் இடத்திலிருந்து ஒரே தாவலில் முதலிடம்.

அப்புறம் நடந்ததுதான் சுவை. 2003இல் ஒப்பந்தத்துக்காக ஒரு படத்தில் நடித்தார், படம் படுத்துவிட்டது. 2004இல் வந்த ‘பிரேக்அவே’ பாட்டுத் தொகுப்பு அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2006இல் இரண்டு கிராமி. அந்த உயரத்தில் நின்றுகொண்டுதான், அடுத்த தொகுப்பில் என் பாட்டுகள்தான் வரும் என்று பிடிவாதம் பிடித்தார். இசைக் கம்பனிப் பெரியவர் கிளைவ் டேவிசுக்குப் பிடிக்கவில்லை. சண்டை பத்திரிகை வரை போனது. 2007இல் தொகுப்பு வந்தது, முன்னையது போல விற்கவில்லை. டிக்கெட் போகாமல் பெரிய அரங்கச் சுற்றுப்பயணமும் நின்றது. பிறகு 2009இல் வேறு ஆட்கள் எழுதிய பாட்டோடு வந்து, 97ஆம் இடத்திலிருந்து முதலிடத்துக்குப் பாய்ந்தார். விட்டுக்கொடுத்தாரா, விவரமாக நடந்தாரா? இரண்டும்தான் என்பேன்.

ஜனவரி 25, வியாழன்

போயா (பௌர்ணமி) விடுமுறை, ஒத்திகை. எங்கள் பாடகியிடம் கெலியின் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அண்ணா, அவவுக்கு வென்ற கையோட ஒரு புதுப் பாட்டு குடுத்திருக்கினம். எனக்குக் கிண்ணத்தைத் தந்து, ஒரு வருசத்துக்கு வேற சனலில பாடக்கூடாதெண்டு கையெழுத்தும் வாங்கினவை.”

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். எங்கள் போட்டிகளில் பாடுவதெல்லாம் பெரும்பாலும் படப் பாட்டு. யாழ்ப்பாணத்துக் கில்மிஷா 2023 டிசெம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மேடையில் வென்றபோது எங்கள் ஒழுங்கையே துள்ளியது, நானும்தான். ஆனால் இப்படி வெல்பவருக்கு அடுத்த கதவு கோடம்பாக்கம். கொழும்பிலிருந்து அதைத் தட்டப் போவதென்றால் விசா, விமானக் காசு, அங்கே தங்க இடம். மற்றவரின் பாட்டை மேடையில் எத்தனை தரமும் பாடலாம். ஆனால் அந்தப் பாட்டு ஒருநாளும் எங்களுடையதாகாது.

ஜனவரி 28, ஞாயிறு

வெள்ளவத்தையில் வரவேற்பு. சாப்பாட்டு நேரத்தில் அவளுடைய சொந்தப் பாட்டொன்றைச் செருகினோம். ட்ரம்ஸ் தம்பி, ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள் என்று முணுமுணுத்தான். போனவர்கள் போனார்கள், அவர்கள் எப்படியும் பிரியாணிக்குப் போகிறவர்கள்தான். முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா மேடைப் பக்கம் வந்தார்.

“பிள்ளை, இது எந்தப் படம்?”

“படமில்லை அங்கிள், என்ர பாட்டு.”

“அப்ப யூடியூபில இருக்கோ?”

இல்லை. வெள்ளிக்கிழமை தெஹிவளையில் ஒலிப்பதிவுக்கு நேரம் எடுத்திருக்கிறோம். வயலினுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.