வளைய ரஸ்க்: கடைசியில் வந்தேவிட்டது

ரஸ்க்கை வளையமாகச் சுட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு பிடிவாதம். இந்தத் தடவை வந்துவிட்டது. உடைத்தால் நடுவரைக்கும் மொறுமொறுப்பு, சவசவவென்று இழுக்கும் இடமே இல்லை.

வளையம் எதற்கு என்றால், பெயரே அதுதான். ஸ்பானிஷிலும் போர்த்துகீசியத்திலும் 'ரோஸ்கா' என்றால் சுருள். திருகாணியின் மரைக்கும் அதே சொல், முறுக்கிச் சுட்ட ரொட்டிக்கும் அதே சொல். 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது ஆங்கிலத்துக்குப் போய் 'ரஸ்க்' ஆனது. அப்போது அது கப்பலில் ஏற்றிய ரொட்டி. ஈரம் போனதால் சீக்கிரம் பூசணம் பிடிக்காது. இரண்டு முறை சுடுவதைச் சொல்லும் பெயர்கள் வேறு. லத்தீனில் 'பிஸ்' என்றால் இரு முறை, 'கோக்டுஸ்' என்றால் வெந்தது. பிஸ்கட்டும் பிஸ்கோட்டியும் அதிலிருந்து வந்தவை. ஜெர்மானியர்களின் 'ட்ஸ்வீபாக்' என்பதற்கும் அதே பொருள்தான். இன்றைக்கு பிஸ்கட் பெரும்பாலும் ஒரே சூட்டில் முடிந்துவிடுகிறது. ரஸ்க் இரண்டாம் சூட்டை விடவில்லை, சுருளைத்தான் விட்டுவிட்டது. எனக்கு அந்தச் சுருள் வேண்டும்.

பிசைவதும் முதல் சூடும் உங்களுக்குத் தெரிந்ததே. வழக்கமான பால் ரொட்டி மாவு, கொஞ்சம் கெட்டியாக. இரண்டு திரியாக உருட்டி, முறுக்கி, நுனிகளை ஒட்டினேன்.

வேலை முழுக்க அறுப்பதிலும் உலர்த்துவதிலும்தான். நெட்டுக்கு நறுக்கினால் வளையம் போச்சு. படுக்கைவாட்டில் அறுத்து இரண்டு வளையமாக்க வேண்டும். தெற்கு இத்தாலியில் 'ஃப்ரிசெல்லே' என்ற வளைய ரஸ்க்கைச் செய்பவர்கள் முதல் சூடு முடிந்ததும் நூலைச் சுற்றி இழுத்தே அறுத்துவிடுவார்கள். நான் ஒரு ராத்திரி ஆறவிட்டு ரொட்டிக் கத்தியால் அறுத்தேன். ஆறினால் மாவுச்சத்து இறுகி, உள்பக்கம் பிய்யாமல் வரும். கத்தியை அழுத்தவே கூடாது, ரம்பம்போல இழுக்க மட்டும்தான்.

உலர்த்த 120 டிகிரி போதும். 150-இல் வைத்தால் மேலே சிவந்துவிடும், முறுக்கு சேரும் தடித்த இடங்களில் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சூட்டோடு தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆறும்வரை எந்த ரஸ்க்கும் கொஞ்சம் வளையும். நான் தராசை நம்புகிறேன். கால் மணிக்கு ஒரு தடவை ஒரே வளையத்தை எடுத்து நிறுத்துப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால் ஓவனை அணைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகி இடைவெளி விட்டு அப்படியே ஆறவிடுவேன். இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மாவு பற்றி ஒன்று: பேக்கரிகளுக்குச் சப்ளை செய்பவரிடம் 12 சதவீதப் புரதம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். புரதம் குறைந்த மாவில் முறுக்கு புளிக்கும்போதே தட்டையாகிவிடும்.

மேலே சர்க்கரைப் பாகு தடவுவது இன்னும் பாக்கி. காற்றுப் புகாத டப்பாவில் எத்தனை நாளில் நமுத்துப் போகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆனால் அடுத்தது பார்லி கலந்த ஃப்ரிசெல்லேதான், அதை நூலாலேயே அறுக்கப் போகிறேன். மாவு நேற்றே வந்துவிட்டது.