64ஏ என்றொரு பிரிவு

கடந்த வாரம் நீதிமன்ற வராந்தாவில், போதைப்பொருள் வழக்கில் சிக்கிய மகனின் ஜாமீன் மனு நகலை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாய், "வைத்தியம் பார்த்தா திருந்திடுவான், அதுக்கு ஏங்க ஜெயிலு?" என்று யாரிடம் என்றில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கான பதில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்தினால் ஓராண்டு வரை, கஞ்சா போன்றவற்றுக்கு ஆறு மாதம் வரை சிறை என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்காகவோ, சிறிய அளவு (கஞ்சா என்றால் 1 கிலோ வரை, ஹெராயின் என்றால் 5 கிராம் வரை) தொடர்பான குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கியவர் போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்கிறது 64ஏ பிரிவு.

சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மீண்டும் சறுக்குவது இந்த நோயின் இயல்பு. சர்க்கரை நோயாளி லட்டு தின்றுவிட்டார் என்பதற்காக யாரும் அவருடைய மாத்திரையை நிறுத்துவதில்லை. போதைப்பொருள் விற்பவர்கள் மீது கடுமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

பிரிவு எண்ணை அந்த நகலின் பின்பக்கத்தில் எழுதி, வக்கீலிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.