புதைபடிவம் இல்லாத மலை

சேர்வராயன் மலையில் எந்தப் பாறையை உடைத்தாலும் ஒரு புதைபடிவம்கூடக் கிடைக்காது. டைனோசரின் எலும்பு இருக்கட்டும், ஒரு சிறு கிளிஞ்சலின் அச்சுகூட இந்தப் பாறைகளுக்குள் இல்லை. உயிரின வரலாற்றில் ஆர்வம் கொண்ட சேலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. அப்படியானால் நம் ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதில். அதை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகாமல் விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் புதைபடிவம் ஏன் இல்லை என்பதைப் பார்ப்போம். ஏற்காடு செல்லும் மலைப்பாதையில், சாலைக்காகப் பாறையை வெட்டிய இடங்களில் வண்டியை நிறுத்தி, அண்மையில் உடைந்த ஒரு முகத்தைக் கூர்ந்து பாருங்கள். எண்ணெய்ப் பசை கொண்டதுபோல் கரும்பச்சை நிறத்தில் மங்கலாக மின்னும் அந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவிலுள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதால், சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் இந்தப் பெயரைச் சூட்டினார். நிலத்தடியில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரி செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் இறுகிப் படிகமான பாறை இது. அத்தகைய உலையில் வெந்து மாறிய கல்லில் எந்த உயிரின் தடமும் எஞ்சியிருக்க வழியில்லை. அதன் வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எலும்பும் ஓடும் கொண்ட உயிர்கள் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அது இறுகிவிட்டது.

அந்தக் காலத்தின் நீளத்தை உணர, மலைப்பாதையையே அளவுகோலாகக் கொள்ளலாம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள பாதையை 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பாறை உருவான 250 கோடி ஆண்டுகளை அதன் மீது பரப்புங்கள். முதல் 15 கிலோமீட்டருக்கும் மேலாக, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசிகளும் அவற்றை ஒத்த எளிய உயிர்களுமே உடன் வரும். ஓடுடைய விலங்குகள் கடலில் பெருகுவது ஊர் வந்து சேர நாலேகால் கிலோமீட்டர் இருக்கையில்தான். டைனோசர்கள் அழியும் இடத்திலிருந்து ஏற்காட்டுக்கு அரை கிலோமீட்டர்தான் மிச்சம். நம் இனமாகிய ஹோமோ சேப்பியன்ஸின் 3 லட்சம் ஆண்டுகள் கடைசி இரண்டரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

மலையிலிருந்து தென்மேற்கே தெரியும் கஞ்சமலையின் இரும்புத்தாதுவும் ஏறக்குறைய அதே தொன்மை வாய்ந்தது. இரும்புக் கனிமமான மேக்னடைட்டும் வெண்கல்லான குவார்ட்சும் கருப்பும் வெளுப்புமாக மாறி மாறி அமைந்த பட்டைகளை அங்குள்ள கற்களில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். உலகெங்கும் இத்தகைய பட்டைத்தாதுப் படிவுகள் ஆதிக் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு அடியில் படிந்ததால் உண்டானவை. ஒளிச்சேர்க்கை செய்யக் கற்றுக்கொண்ட நுண்ணுயிர்களுக்கு அந்தப் படிதலில் பங்கு உண்டு என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். காற்றில் ஆக்சிஜன் நிலையாகத் தங்கத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது, நம் மலைகள் இறுகிய நாளில் இங்கே மூச்சுவிடத் தகுந்த காற்றே இல்லை. கஞ்சமலையைச் சித்தர்களின் மலையாகவும் இரும்பின் மலையாகவும் அறிந்தவர்கள், அந்த ஆக்சிஜனில்லாக் காலத்தின் சான்றாகவும் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

புதைபடிவங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால் கிழக்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் போகலாம். டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே உள்ளே வந்து சென்றதால், காரை கிராமத்துச் செம்மண் ஓடைகளில் அம்மோனைட்டுகள் என்னும் சுருள் ஓடுடைய கடலுயிர்களின் புதைபடிவங்களும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரமும் கிடைத்துள்ளன. அது தனியே எழுத வேண்டிய கதை.

ஆதி மனிதர்களுக்கு வருவோம். அவர்களுடைய எலும்புகள் இந்தியா முழுவதிலுமே அரிது. நர்மதைக் கரையில் ஹத்னோராவில் 1982-இல் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதிதான் பெரிதாகப் பேசப்படுவது. ஆனால் எலும்பு மக்கினாலும் கல் மக்குவதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலை ஆற்றுப் படுகையை ஒட்டிய அதிரம்பாக்கத்தில், தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் தம் குழுவினருடன் அகழ்ந்தெடுத்த கைக்கோடரிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆப்பிரிக்காவில் இவ்வகைக் கைக்கோடரிகளின் மிகப் பழைய சான்றுக்கு 17 லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளே வயது என்பதோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டு மண் எவ்வளவு தொடக்கத்திலேயே இந்தக் கதைக்குள் வந்துவிட்டது என்பது விளங்கும். அவற்றைச் செய்தவர்கள் நம் இனத்தவர் அல்லர். நமக்கு முந்தைய, நிமிர்ந்து நடந்த வேறொரு மனித இனத்தார்.

அவர்களுக்கும் பின்பு வந்தவர்களுக்கும் நமக்கும் உறவே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தால் மனிதர்களிடமிருந்து வந்தது என்பதை மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு 2010 முதல் நிறுவிக் காட்டியது. அதற்காக அவருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. சேலம் கடைவீதியில் நடந்து செல்லும் ஒவ்வொருவருடைய இரத்தத்திலும் அந்த அழிந்துபோன மனிதர்களின் பங்கு ஓடுகிறது.

அதிரம்பாக்கத்தை முதலில் உலகுக்கு அறிவித்த ராபர்ட் புரூஸ் ஃபூட் நம் ஏற்காட்டுக்காரர் என்றே சொல்லலாம். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய அவர், 1863 மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டியிருந்த ஒரு குழியில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லை அடையாளம் கண்டார். டார்வினின் நூல் வெளிவந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஐரோப்பாவிலேயே மனிதனின் தொன்மை குறித்த வாக்குவாதம் அடங்காதிருந்த வேளையில், இந்தியாவிலும் பழைய கற்காலம் உண்டு என்று அவரால் சொல்ல முடிந்தது. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர். அந்தப் பெர்சிவல் தம் இறுதி நாட்களைக் கழித்தது ஏற்காட்டில். ஓய்வுபெற்ற பின் ஃபூட் குடியமர்ந்ததும் இங்கேதான். 1912 டிசம்பரில் அவர் கொல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது. படகுத்துறைக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அங்கே போய் நின்றால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஃபூட் பல்லாண்டுகளாகத் திரட்டிய தொல்பொருட்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. சேர்வராயன் மலையில் கிடைத்த மெருகேற்றிய கற்கோடரிகளும் அவற்றுள் அடக்கம். கொசஸ்தலைப் படுகையின் கைக்கோடரிகள் குவார்ட்சைட் என்னும் கல்லில் ஆனவை. தட்டினால் நினைத்த கோணத்தில் சில்லாகப் பெயரும் கல் அது. நம் சார்னோகைட்டோ பருமணிகளால் ஆனது, தட்டினால் தாறுமாறாக உடையும். புதிய கற்காலத்து மக்கள் தம் கோடரிகளுக்கு நாடியது வேறொரு கல்லை: பழம்பாறைகளின் பிளவுகளில் உருகிய குழம்பு ஏறிச் சுவர்போல் இறுகிய, நுண்மணிகள் கொண்ட கருங்கல்லான டோலரைட்டை.

மலையிலுள்ள ஒரு சிற்றூரில், மரத்தடிக் கோயில் ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு கோடரியைப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை நீளம், ஒரு முனை குவிந்தும் மறுமுனை பிறைபோல் வளைந்தும் இருந்தது. குங்குமமும் எண்ணெயும் படிந்த அதன் மேற்பரப்பில், குவிந்த முனைப்பக்கம் அம்மைத் தழும்புகள் போன்ற சிறு குழிகள் நெருக்கமாக இருந்தன. வெட்டுவாய்ப் பக்கம் மட்டும் வழவழவென்று தேய்க்கப்பட்டு, வெளிச்சம் பட்டதும் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுவது தெரிந்தது. வாயின் ஒரு மூலையில் சிறு பொக்கு விழுந்திருந்தது. இந்த மூன்று அடையாளங்களிலும் அதன் வரலாறு முழுவதும் இருக்கிறது. முதலில் கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்து உருவம் கொண்டுவந்து, பிறகு இன்னொரு கல்லால் பொறுமையாகக் கொத்திக் கொத்தி மேடுகளை அடக்கி, இறுதியில் நீரும் மணலும் இட்டுப் பாறைமீது தேய்த்துக் கூராக்கியிருக்கிறார்கள். கொத்திய சொரசொரப்பை மேல்முனையில் விட்டுவைத்தால் மரப்பிடிக்குள் நன்றாகப் பற்றிக்கொள்ளும். பொக்கு, அந்தக் கோடரி வேலை செய்த நாட்களில் விழுந்ததாக இருக்கலாம்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும், இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி இனத்துப் பெரியவர், “பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து இங்கயேதான் இருக்குதுங்க, நாங்க எடத்த மாத்தறதில்ல” என்றார். அவர் சொன்னதை முழு மனதோடு ஏற்கிறேன். காடு திருத்தும்போதோ உழும்போதோ அகப்பட்ட இந்தக் கற்களைத் தலைமுறை தலைமுறையாக எறிந்துவிடாமல் காத்தவை அந்தச் சிறு கோயில்கள்தாம். நகரத்திலிருந்து வருபவர்கள் சிலர் ஆர்வத்தில் இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு போவதாகக் கேள்விப்படும்போது நெஞ்சு கொதிக்கிறது. கிடைத்த இடத்திலிருந்து பிரிந்த கற்கோடரி ஆய்வுக்கும் பயன்படாது, வழிபாட்டுக்கும் பயன்படாது. படம் எடுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். கல்லை மட்டும் தொடாதீர்கள்.

அந்தக் கோடரிகளைப் பிடித்தவர்கள் ஆடுமாடு வளர்த்தவர்கள், பயிரிட்டவர்கள். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில், புதிய கற்காலக் குடியிருப்பிலிருந்து கொள்ளும் பாசிப்பயறும் கிடைத்தன. நம் வீடுகளில் ரசமாகவும் கடைசலாகவும் அன்றாடம் வரும் அதே கொள்ளு. பரிணாமம் என்றதும் குரங்கையும் டைனோசரையும் நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஒரு பிடி கொள்ளைத்தான்.

காட்டுப் பயறின் நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளைத் தெறிக்கச் செய்யும். அதன் விதைத்தோல் தடித்திருப்பதால் விதைகள் ஒரே மழையில் முளைக்காமல், சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டுமாக முளைத்து, வறட்சியில் இனம் அழியாமல் பார்த்துக்கொள்ளும். மனிதன் அறுவடை செய்து மீண்டும் விதைக்கத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. வெடிக்காத நெற்றே அவன் களத்துக்கு வந்தது; விதைத்தவுடன் முளைத்ததே அவன் அடுத்த அறுவடையில் சேர்ந்தது. யாரும் திட்டமிடாமல், ஆண்டுதோறும் நடந்த இந்தத் தேர்வில் தடித்த தோல் மெலிந்தது. இந்தியத் தொல்லியல் களங்களில் கிடைத்த கரிந்த கொள்ளு விதைகளைச் சிங்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கி தரும் ஊடுகதிரால் ஆராய்ந்து, காலம் செல்லச்செல்ல அவற்றின் தோல் மெலிந்துவந்ததை 2017-இல் தொல்தாவர ஆய்வாளர்கள் சார்லின் மர்ஃபியும் டோரியன் ஃபுல்லரும் அளந்து காட்டினர்.

இரவில் ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்ட கொள்ளு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முளைவிடுவதற்குக் காரணம் அந்தத் தேர்வுதான்.