பாதி வெற்றி, பாதி மணல்

இன்று மட்டிச் சிப்பியைச் சாஸேஜுடன் வெள்ளை ஒயினில் வேகவைத்தேன். சுவையில் குறையில்லை, மணல்தான் மானத்தை வாங்கியது.

தவறு என்னுடையதுதான். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது ஏறக்குறைய கடல்நீர் அளவுக்குக் கரைத்து, ஒரு மணி நேரமாவது ஊறவிட்டால் சிப்பிகள் தாமே மணலைத் துப்பிவிடும். நான் 20 நிமிடத்தில் பொறுமை இழந்தேன். வாய் திறந்திருந்தவற்றைத் தட்டிப் பார்த்து, மூடிக்கொள்ளாதவற்றைக் குப்பையில் போட்டதில் மட்டும் ஒழுங்காக இருந்தேன்.

மிளகாய்த்தூள் சேர்ந்த சாஸேஜை வட்டவட்டமாக நறுக்கி முதலில் வதக்கினேன். அதிலிருந்து உருகிவரும் சிவந்த கொழுப்பிலேயே வெங்காயமும் பூண்டும் வதங்கிவிடும். தனியாக எண்ணெய் எதற்கு? ஒயினை ஊற்றிப் பாதியாகச் சுண்டவிட்டு, சிப்பியைக் கொட்டி மூடினேன். ஐந்தே நிமிடம். ஓடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் மூடிக்குள்ளிருந்து கேட்டது! அதற்கு மேல் அடுப்பில் விட்டால் சதை ரப்பராகிவிடும். உப்பு போடவே இல்லை. சாஸேஜிலும் சிப்பிக்குள் இருக்கும் நீரிலும் போதுமான அளவு இருக்கிறது. (இனிப்பு ஒயினை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் கதை இன்னொரு நாள்.)

சட்டியின் அடி கலங்காமல் சாற்றை மெல்லச் சாய்த்து ஊற்றினேன். ரொட்டியைத் தோய்த்துத் தின்றபோது இரண்டு முறைதான் பல்லில் நறநறத்தது.