எதற்கெடுத்தாலும் அம்மாவைத்தான் சொல்வார்களா?

"ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்" என்று என் அக்கா பையனின் இரண்டு வயதில் சொன்ன அதே சொந்தக்காரர்கள், மூன்று வயதில் ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் மற்றவர்களைப்போல் இல்லாத மூளை வளர்ச்சி நிலை) என்று டாக்டர் சொன்னதும், "இவ போனைக் கையில குடுத்துட்டு வேலையப் பாத்தா பிள்ளை எப்படிப் பேசும்?" என்று அக்கா பக்கம் திரும்பிவிட்டார்கள். அத்தான் மீது ஒரு வார்த்தை இல்லை. அவர் போனில் கிரிக்கெட் பார்த்ததும் அதே வீட்டில்தான்.

இந்தப் பழி புதிதில்லை. 1943-ல் லியோ கேனர் என்ற குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோது பிறவியிலேயே வருவது என்றுதான் சொன்னார், ஆனால் பெற்றோர்கள் அன்பில்லாதவர்கள் என்பதுபோன்ற குறிப்பையும் சேர்த்தே எழுதினார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, பாசமில்லாத தாயால்தான் வருகிறது என்று அமெரிக்காவில் வருஷக்கணக்காகச் சொல்லித் திரிந்தார்கள். அதை 1964-ல் எதிர்த்து எழுதிய பெர்னார்ட் ரிம்லேண்ட் ஒரு ஆட்டிசப் பையனின் அப்பா. 1977-ல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே கரு இரண்டாகப் பிரிந்து உருவான, அதனால் மரபணுவும் ஒன்றாக உள்ள 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அங்கிருந்தே பிடிபடத் தொடங்கியது. போனை ரொம்பப் பார்த்தால் பேச்சு தாமதமாகலாம், அதைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் ஆட்டிசம் போனிலிருந்து வருவதில்லை. தடுப்பூசியிலிருந்தும் இல்லை, அப்படிச் சொன்ன 1998 கட்டுரையை வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

இதெல்லாம் எதற்கு என்றால், பழி வெறும் பேச்சோடு நிற்பதில்லை. அக்கா வேலையை விட்டாள். ஸ்பீச் தெரபி, அன்றாடக் காரியங்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்று வாரம் முழுக்க ஆட்டோவில் அலைந்தாள். பையனுக்கு மிக்சி சத்தம் ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு அலறுவான், அதனால் அவன் எழுவதற்கு முன்பே சட்னி அரைத்து வைத்துவிடுவாள். கல்யாண வீட்டில் மேளம் கேட்டு அவன் தரையில் விழுந்து புரண்டால் அது அடம் இல்லை, அவனால் தாங்க முடியவில்லை. கூட்டத்தில் யாரோ "ரெண்டு அடி போட்டா சரியாயிடும்" என்பார்கள். அப்புறம் அவள் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். (அதற்கும் "ரொம்பத்தான் அலட்டிக்கிறா" என்று ஒரு பேச்சு வந்தது, என்ன செய்ய.)

அவனுக்கு ஆறு வயதுப் பாப்பா ஒருத்தி தங்கையாக இருக்கிறாள். அண்ணன் தட்டில் குழம்பு சாதத்தில் படாமல் தனியாக வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், எங்கள் பெரியவர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது.

சட்டம் நம் சொந்தக்காரர்களைவிடப் பரவாயில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று, சான்றிதழ் வாங்கலாம். சின்னக் குழந்தைகளைப் பரிசோதிக்க அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, சந்தேகம் வந்ததும் போகலாம், பேச்சு வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகும் முடிவெடுக்க ஆள் துணை தேவைப்பட்டால், தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். அக்கா இப்போதே அதைப் பற்றி விசாரித்து வைத்திருக்கிறாள். காப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போடலாமா என்று போன வாரம் கேட்டாள், போடு என்றேன்.