‘ஹோலி லோலா’ பார்த்த நாட்கள்

மே 23, 2024

வெசாக் விடுமுறை. கூடு பார்க்க வந்த சனம் காலி வீதியை நிறைத்திருந்தது. நாங்கள் வெளியே போகவில்லை. பெர்ட்ரான் தவெர்னியே 2004இல் இயக்கிய ‘ஹோலி லோலா’ படத்தை என் கணவர் தேடி எடுத்து வைத்திருந்தார். பிள்ளையில்லாத பிரெஞ்சுத் தம்பதியர், பியரும் ஜெரால்டினும், ஒரு குழந்தையைத் தத்தெடுக்கக் கம்போடியாவுக்குப் போகிறார்கள். அதே நோக்கத்தோடு வந்த வேறு தம்பதியரும் புனோம் பென்னில் அதே விடுதியில் தங்கியிருக்கிறார்கள். விடிந்தால் குழந்தைகள் இல்லம், பிறகு அலுவலகங்கள், கையூட்டுப் பேரம், மறுபடியும் காத்திருப்பு. ஒருவருக்குப் பிள்ளை கிடைத்தால் மற்றவர்கள் வாழ்த்துகிறார்கள், வயிறும் எரிகிறது. ஜெரால்டினாக வரும் இசபெல் காரே சும்மா காத்திருக்கும் இடங்களில்தான் என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

மே 26

பம்பலப்பிட்டியில் மச்சாளின் மகனுக்கு, பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். சற்று நேரத்தில் யாரோ வாங்கிக்கொண்டார்கள். நாங்கள் தத்தெடுக்க விண்ணப்பித்திருப்பது மாமிக்குத் தெரியும். “யார் பெற்ற பிள்ளையோ” என்று அவர் சமையலறையில் சொன்னது கேட்டது.

மே 29

மாமியின் சொல் இன்னும் உள்ளே கிடக்கிறது. அவர் வெறுப்பில் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதுதான். படம் பிரெஞ்சுத் தம்பதியரின் பக்கமே நிற்கிறது. பெற்றவளின் வீட்டுக்குள் அது போவதில்லை. அதுதான் என் மனத்தாங்கல்.

நம் நாட்டில் இது வெறும் கதையா? 1980களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பொய்ப் பிறப்புச் சான்றிதழ்கள், தாயாக நடிக்கக் கூலிக்குப் பிடிக்கப்பட்ட பெண்கள் என்று 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்று தாயைத் தேடி இங்கே வருகிறார்கள். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 1995இல்தான். எங்கள் கோப்பு மெதுவாக நகர்கிறது என்று இனி நான் முறையிடப்போவதில்லை. ஒரு தாயிடம் எதுவும் பறிக்கப்படவில்லை என்று உறுதிசெய்ய எவ்வளவு காலம் வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

ஜூன் 5

நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். வருமானம், அறைகள், உடல்நலம் பற்றியெல்லாம் கேட்டார். பிறகு, “பிள்ளைக்கு உண்மையைச் சொல்வீர்களா?” என்றார். நான் வாய் திறக்கும் முன்பே இவர், “பேச்சு விளங்கும் வயதிலேயே சொல்வோம். தாயைத் தேட விரும்பினால் கூடவே போவோம்” என்றார். நாங்கள் இதைப் பேசி வைத்திருக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

அவருடைய அறிக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். அதற்குள் மாமியோடு இருந்து பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.